சொல்ல வேண்டியவர் யார், கேட்க வேண்டியவர் யார்?

பிரிட்டனில் ஒருவருக்கு ஏற்கனவே இதய நோய் இருக்கிறது. சொகுசுக் கப்பலில் சுற்றுலா போக ஆசை. பயணக் காப்பீடு எடுக்கும்போது நோயைச் சொன்னால் பிரீமியம் ஏறும். சொல்லாமல் விட்டால்? இந்தக் கேள்விக்கு 250 வருடங்களுக்கு மேல் வயதாகிறது நண்பர்களே! அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

17-ம் நூற்றாண்டின் இறுதியில், லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காபிக்கடையில் கப்பல் முதலாளிகளும் காப்பீடு கொடுப்பவர்களும் கூடினார்கள். கப்பலோ எங்கோ கடலில். அதன் நிலைமை முதலாளிக்குத்தான் தெரியும். காப்பீடு கொடுப்பவர் அவர் வாயை நம்ப வேண்டியதுதான்.

இந்த நம்பிக்கை 1766-ல் நீதிமன்றம் ஏறியது. சுமத்ராவில் பெங்கூலன் என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை ஒன்று இருந்தது. எதிரிகள் அதைப் பிடித்தால் தனக்கு வரும் நஷ்டத்துக்காக ஆளுநர் கார்ட்டர் காப்பீடு எடுத்திருந்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். "கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார்" என்று பணம் தர மறுத்தார் காப்பீடு கொடுத்த போம்.

நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு என்ன சொன்னார் தெரியுமா? தனக்கு மட்டும் தெரிந்ததை இரு தரப்புமே மறைக்கக் கூடாது. ஆனால் காப்பீடு கொடுப்பவர் தானே தெரிந்திருக்க வேண்டியதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஜெயித்தது கார்ட்டர்!

வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் பாரம் முழுக்க வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. 1906-ம் வருடத்துக் கடல் காப்பீட்டுச் சட்டப்படி, முக்கியமான விவரம் எதையும் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாலிசியையே ரத்து செய்யலாம். கப்பலுக்கு எழுதிய இந்த விதியைத்தான் நீதிமன்றங்கள் கப்பலில் போகும் நோயாளிக்கும் பொருத்தின. யாருமே கேட்காத ஒன்றைச் சொல்லாததால் க்ளெய்ம் முழுவதும் போகலாம். நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுவந்தால் அந்தச் செலவு யார் தலையில்? யோசித்துப் பாருங்கள்.

இதை மாற்றியது பிரிட்டனின் 2012-ம் வருடச் சட்டம்; 2013 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இனி கேட்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. கவனத்தோடு உண்மையான பதில் தருவது வாடிக்கையாளரின் வேலை. நியாயமான கவனத்தோடு பதில் சொல்லியும் தவறு நேர்ந்திருந்தால் பணம் உண்டு. கவனக்குறைவு என்றால் தொகை குறையலாம். வேண்டுமென்றே பொய் சொன்னால் பாலிசியே செல்லாது.

ஆக, விண்ணப்பத்தில் "இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், அங்கே "இல்லை" என்று எழுதி மிச்சம் பிடிக்கும் பணம் உண்மையில் மிச்சம் இல்லை. மான்ஸ்ஃபீல்ட் சொன்ன நேர்மை இரண்டு பக்கத்துக்கும்தான். அது சட்டப் புத்தகத்துக்குத் திரும்பி வர இரண்டரை நூற்றாண்டு ஆனது!