எண்ணெய்த் தாளும் பித்தளைத் தகடும்



போன மாதம் நான் போட்ட எம்டன் கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு, "கப்பல் முடிந்துவிட்டதா சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லப்போனால் அது 500 வருஷத்துக் கதை. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் தூங்கினவர்கள் இங்கேயாவது விழித்திருங்கள்.

எம்டனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் மாடலை மருமகப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார். 350-இல் ஒரு பங்கு அளவு. நிஜக் கப்பல் சுமார் 118 மீட்டர் நீளம். மாடல் 34 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, நம் பழைய ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் பெரிது.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது சுலபமாகத்தான் இருந்தது. தகராறு பண்ணியது கூடவே வந்த பித்தளைத் தகடு. ஒரு தபால் அட்டை அளவுகூட இல்லை. அதற்குள் கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், கதவுகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள், சின்னச் சின்னக் காம்புகளால் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏன் பித்தளை? ஒரு கணக்குப் போடுங்கள். கப்பல் ஓரத்துக் கைப்பிடிக் கம்பி நிஜத்தில் 2 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதை 350-ஆல் வகுத்தால் 0.06 மி.மீ.கூட வராது. நம் தலைமுடி அளவு. அவ்வளவு மெல்லிசாகப் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்க முடியாது. வார்த்தாலும் மூச்சு பட்டால் ஒடியும். அதனால் உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து இந்த மாதிரிப் பாகங்களைச் செய்கிறார்கள்.

செய்தவர்களுக்குச் சரி. ஒட்டுகிறவன் கதி?

முதலில் காம்பை வெட்ட வேண்டும். பிளேடை அழுத்தினால் பாகம் 'டிக்' என்று தெறிக்கும். டுவீசரால் பிடித்தாலும், கொஞ்சம் இறுக்கினால் அது பறக்கும். முதல் ஏணி இப்படித்தான் போனது. நான் சமையலறைக் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையெல்லாம் தேடினேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, பித்தளையைக் காந்தம் இழுக்காது என்று. 6-ஆம் வகுப்புப் பாடம்! எத்தனை பேருக்கு மதிப்பெண் குறைத்திருப்பேன். ஏணி மறுநாள் வீட்டம்மாவின் முறத்தில், தூசியோடு கிடைத்தது.

அடுத்தது மடிப்பு. மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் அரித்த ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். மாற்றி மடித்துவிட்டு, சரிசெய்யலாம் என்று திருப்பினால் கையோடு வந்துவிடும். ஒரு தரம்தான் மடிக்கலாம். வளைக்க வேண்டிய கம்பியோ நேர்மாறு, வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் மறுபடி நிமிரும். அடுப்புத் தீயில் லேசாகக் காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகிக் கொடுக்கும். அதிகம் காட்டினால் சுருண்டுவிடும்.

பிறகு ஒட்டுவது. பிளாஸ்டிக் பசை என்பது உண்மையில் பசை அல்ல. இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கும் திரவம். அது பித்தளையைக் கரைக்காது. ஆகவே சூப்பர் குளூ. 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடப்போய், தொட்டதெல்லாம் ஒட்டுகிறதே என்று சலித்து ஒதுக்கிவைத்த பொருள் அது. 1958-இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. அது கம்பியைக் கப்பலோடு ஒட்டுவதற்குள் என் கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டிவிடுகிறது. என் விரல்களிலும் இப்போது லேசான நடுக்கம் உண்டு. வயது 66.

ஒரு வாரம் இப்படிப் போராடிய பிறகு எனக்கு ஒரு கோபம் வந்தது. மனிதக் கைக்கு அடங்காத இந்தப் பொருளைச் செய்தவன் யார்? வாத்தியாருக்குக் கோபம் வந்தால் புத்தகத்தைத் தூக்குவார் இல்லையா? தூக்கினேன்.

அமிலத்தால் உலோகத்தை அரிப்பது ஐரோப்பாவில் கவசம் செய்கிறவர்களின் வித்தை. இரும்பை உளியால் செதுக்குவது கடினம். அதனால் கவசத்தின் மேல் மெழுகு பூசி, ஊசியால் படம் கீறி, அமிலத்தை ஊற்றினார்கள். மெழுகு போன இடத்தை மட்டும் அமிலம் தின்னும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கவசத்துக்கு அலங்காரம் செய்துவந்த டேனியல் ஹோஃபர், சுமார் 1500-இல் இதையே காகிதத்தில் படம் அச்சடிக்கப் பயன்படுத்தினார். பெரிய ஓவியரான ஆல்பிரெக்ட் ட்யூரரும் 1515-க்கும் 1518-க்கும் இடையில் இரும்புத் தகட்டில் ஆறு படங்கள் செய்து பார்த்தார். உளி பிடிக்கும் கையின் பலம் இனித் தேவையில்லை. ஆனால் ஊசியால் வரையும் கை தேவைப்பட்டது.

அந்தக் கையையும் வேண்டாம் என்று ஆக்கியவர் பிரான்ஸ் நாட்டு நியெப்ஸ். உலகின் முதல் புகைப்படக்காரர் என்று பாடத்தில் வருகிறவர். அவருக்குச் சரியாகப் படம் வரைய வராது, அதனால்தான் சூரியனையே வரைய வைக்கப் பார்த்தார் என்று சொல்வார்கள். யூதேயா நாட்டு பிட்டுமென் என்று ஒரு வகைத் தார் உண்டு. அதை மெல்லிசாகப் பூசி வெயிலில் வைத்தால், வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகிவிடும். படாத இடம் லாவெண்டர் எண்ணெயில் கரைந்துவிடும். 1826-இல் அவர் ஒரு பழைய கார்டினலின் அச்சுப் படத்தை எடுத்துக்கொண்டார். தாளில் எண்ணெய்ப் பதம் ஏற்றி, வெளிச்சம் ஊடுருவும்படி செய்தார். அதைத் தார் பூசிய உலோகத் தகட்டின் மேல் வைத்து வெயிலில் காயப்போட்டார். கோடு இருந்த இடத்தில் வெளிச்சம் நுழையவில்லை, அங்கே தார் இளகியே இருந்தது. கழுவியதும் அந்த இடத்தில் வெறும் உலோகம் தெரிந்தது. பாரிஸில் லெமேத்ர் என்ற செதுக்குக் கலைஞர் அதை அமிலத்தால் அரித்து, மை தடவி அச்சடித்துக் காட்டினார்.

எண்ணெய் ஏற்றிய தாள் என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்போட். தாரில் படம் விழப் பல மணி நேரம் வெயில் வேண்டும். அவர் ஜெலட்டினில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கலந்தால் வெளிச்சம் பட்டதும் சீக்கிரம் கெட்டியாகும் என்று கண்டு 1852-இல் காப்புரிமை எடுத்தார். 1858-இல் செம்பை அரிக்க ஃபெர்ரிக் குளோரைடைப் பயன்படுத்தினார். இந்தப் பெயரை எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் உடனே பிடித்திருப்பீர்கள். புராஜெக்ட்டுக்குச் சர்க்யூட் போர்டு செய்ய ரிச்சி தெருவில் வாங்கி, சட்டையில் மஞ்சள் கறை பட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினீர்களே, அதேதான்.

அந்தப் போர்டுக்கும் இதற்கும் நேரான உறவு உண்டு. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற யூதப் பொறியாளர், அச்சுத் தொழிலும் தெரிந்தவர், 1936-இல் தப்பித்து இங்கிலாந்து போனார். ரேடியோவுக்குள் ஒவ்வொரு ஒயரையும் ஒரு தொழிலாளி கையால் பற்றவைக்க வேண்டியிருந்த காலம் அது. ஒயர்களையே படமாக அச்சடித்து, செம்புத் தகட்டில் மிச்சத்தை அரித்துவிட்டால் என்ன என்று யோசித்து, 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நீங்கள் இதைப் படிக்கும் போனுக்குள்ளும் அந்த யோசனையின் வாரிசுதான் இருக்கிறது. நம் வீட்டுப் பழைய பிக்சர் டியூப் கலர் டிவிக்குள் லட்சக்கணக்கான துளைகள் உள்ள மெல்லிய தகடு ஒன்று உண்டு. அந்தத் துளைகளும் இதே முறையில் அரித்தவைதான்.

இவ்வளவு பெரிய தொழிலின் ஓரத்தில் ஒதுங்கியதுதான் எங்கள் விளையாட்டு. பிரிட்டனில் ரயில் மாடல் செய்கிறவர்களிடம் இந்த அரித்த பித்தளை பழக்கத்துக்கு வந்தது. 1980-களில் கப்பல், விமானம், டாங்கி என்று பரவியது. 1989-இல் செக் நாட்டின் மோஸ்ட் நகரில் தொடங்கிய எடுவார்ட் போன்ற நிறுவனங்கள் இதையே முக்கியத் தொழிலாக்கின. தகட்டின் இரண்டு பக்கமும் ஒளியில் கெட்டியாகும் பூச்சு. இரண்டு பக்கமும் ஃபிலிம் வைத்துப் புற ஊதா ஒளி. கழுவி, இரண்டு பக்கமும் ஃபெர்ரிக் குளோரைடைப் பீய்ச்சினால், இருபுறமும் திறந்த இடம் ஓட்டையாகும், ஒருபுறம் மட்டும் திறந்த இடம் அந்த மடிப்புக் கோடாகும்.

இப்போது எனக்கு விஷயம் புரிந்தது. என் கஷ்டத்துக்குக் காரணம் யாருடைய தவறும் இல்லை. பித்தளை ஏணி ஏறக்குறைய ஒரு நிழல். ஃபிலிமில் இருந்த படத்தின் நிழல், 0.1 அல்லது 0.2 மி.மீ. தடிமனில் உலோகமாக உறைந்து நிற்கிறது. நிழலுக்கு உருட்சி கிடையாது. உருண்டையான குழாயும் அதில் ரிப்பன் மாதிரித் தட்டையாகத்தான் வரும். அதைச் செய்ததில் எந்த இடத்திலும் கை படவில்லை. கவசக்காரர் உளியை விட்டார், நியெப்ஸ் ஊசியை விட்டார், ஐஸ்லர் பற்றவைக்கும் கோலை விட்டார். 500 வருஷமாகக் கையை ஒவ்வொரு படியாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசிப் படியில், மடித்து ஒட்ட மட்டும், மறுபடி ஒரு கையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தக் கை இப்போது என்னுடையது. நடுங்காமல் என்ன செய்யும்?

இனி, புத்தகத்தை மூடிவைத்த காரணம்.

1987. எட்டாம் வகுப்பு. இந்திய வரைபடத்தைக் கையால் வரைந்து வரச் சொல்லியிருந்தேன். எல்லார் படத்திலும் குஜராத் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு பையனின் படம் மட்டும் அச்சு மாதிரி இருந்தது. பக்கத்தை முகர்ந்து பார்த்தேன், தேங்காயெண்ணெய் வாசனை. வெள்ளைத் தாளில் எண்ணெய் தடவி, அட்லஸ் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கோட்டைப் பின்தொடர்ந்து வரைந்திருக்கிறான். "இது திருட்டு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தாளைக் கிழித்தேன். பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். அவன் அழவில்லை. "சார், எனக்குக் கை வராது சார், அதான்" என்று மட்டும் சொன்னான். அதற்கும் சேர்த்து ஒரு அடி விழுந்தது. அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

வரையக் கை வராத ஒரு மனிதர் தாளில் எண்ணெய் ஏற்றி வெளிச்சத்தில் வைத்தார். அதற்குப் பெயர் கண்டுபிடிப்பு என்று நான்தான் உங்களுக்கு நடத்தினேன். வரையக் கை வராத ஒரு பையன் அதையே செய்தபோது திருட்டு என்றேன். அவனாகக் கண்டுபிடித்தானோ, அக்காவிடம் கற்றானோ, தெரியாததை அறிந்துகொள்ள ஒரு வழி தேடினான். "எண்ணெய் தடவினால் தாள் ஏன் ஊடு தெரிகிறது?" என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால், அந்த வகுப்பு 40 பேருக்கும் நல்ல ஒரு பாடம் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் அவனுக்கே தெரியும். தம்பி, அன்று தவறு செய்தது நான்தான். உன்னை நிற்க வைத்தது எல்லார் முன்னாலும் என்பதால், மன்னிப்பும் எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

கப்பலில் இன்னும் பின்தளத்துக் கம்பிகள் பாக்கி இருக்கின்றன, ஒன்பது துண்டு. ஜன்னல் ஓரமாகத்தான் மேசை போட்டிருக்கிறேன், வெளிச்சம் நன்றாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாயானால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை கிடைக்கும். வீட்டம்மா காப்பி போடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும், அந்த எண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன்.