மூளையின் அடியில் ஒரு வளையம்

நமது உடலின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆயினும் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு அதற்கே போய்ச் சேருகிறது. அந்த இரத்தம் செல்லும் வழியைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் தவறாகவே எண்ணியிருந்தனர்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழுடன் விளங்கிய கிரேக்க மருத்துவர் கேலன், மூளையின் அடியில் நுண்குழாய்கள் பின்னிய 'அற்புத வலை' ஒன்று உண்டென்று எழுதிவைத்தார். வலை என்னவோ பொய்யன்று. ஆட்டிலும் மாட்டிலும் அது உண்டு. மனிதனிடத்தில்தான் இல்லை! கேலன் அறுத்துப் பார்த்தவை விலங்குகளின் உடல்களே. அவர் சொல்லை மறுக்க 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பொலோனா நகரத்துப் பெரெங்காரியோ, தேடித் தேடியும் வலையைக் காணவில்லை என்று 1521-இல் எழுதினார். 1543-இல் வெசாலியஸ் இன்னும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: மாணவர் முன் மனிதத் தலையை அறுக்கும்போது, வலையைக் காட்டுவதற்கென்றே ஓர் ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ அருகில் வைத்திருந்தாராம்! பெரிய நூலை எழுதியதற்காக அவரைப் போற்றுகிறோம். இந்த ஒப்புதலுக்காகவும் போற்றலாம்.

மனிதனிடம் உள்ளது வலையன்று, வளையம். கழுத்தின் முன்புறமாக இரண்டு தமனிகளும், கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே இரண்டு தமனிகளும் மேலேறி, சிறு கிளைகளால் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. இதை முதலில் கண்டவர் ஆக்ஸ்போர்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ் அல்லர். வெப்ஃபர் என்பார் 1658-இலேயே வருணித்திருந்தார். ஆனால் அது எதற்காக இருக்கிறது என்று தெளிவாக விளக்கியவர் வில்லிஸ். 1664-இல் வெளிவந்த அவரது நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை எழுப்பிய கிறிஸ்டோபர் ரென்.

வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரின் தலையை வில்லிஸ் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கழுத்துத் தமனி ஏறக்குறைய முற்றும் அடைபட்டிருந்தது. ஆனாலும் அம்மனிதரைப் பக்கவாதம் தாக்கவில்லை. ஏன்? அதே பக்கத்தில், கழுத்தெலும்பு வழியே ஏறும் தமனி மற்றதைப்போல் மூன்று மடங்கு பருத்திருந்தது! ஒரு வழி அடைபட, மற்றொரு வழி அதன் சுமையை ஏற்றுக்கொண்டது. ஒரு பக்கத் தமனியில் மை கலந்த நீரைச் செலுத்தியபோது, மறுபக்கத்துக் கிளைகளும் நிறம் ஏறியதை வில்லிஸ் கண்டார்.

இவ்வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை. பலருக்கு இணைக்கும் கிளைகளில் ஒன்று நூலிழைபோல் மெலிந்திருக்கும். சிலருக்கு இல்லாமலே போகும். ஒரே இடத்தில் அடைப்பு நேர்ந்தும் ஒருவர் நடமாடுவதற்கும் மற்றொருவர் படுக்கையில் விழுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம். ஆகவே, கழுத்துத் தமனியைச் சற்றுநேரம் இறுக்கி வைத்துச் சிகிச்சை செய்ய நேரும்போது, மறுபக்கத்திலிருந்து இரத்தம் வந்து சேருகிறதா என்பதை மருத்துவர்கள் இன்றும் கருத்தோடு கவனிக்கிறார்கள்.