உதவித்தொகை மறுக்கப்பட்டு ஒரு மாதம் கடந்துவிட்டதா? பிரிட்டனில் கூடுதல் அவகாசம் கேட்பது எப்படி?

பிரிட்டனில் வாழும் நம் மக்களில் பலர் யுனிவர்சல் கிரெடிட், அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டகால நோயாளிகளுக்குமான 'பிப்' உதவித்தொகை மறுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தால், அதை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் படித்துச் சொல்வதற்குள், அல்லது ஜும்ஆ முடிந்து விபரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதற்குள் ஒரு மாதக் கெடு ஓடிவிடுகிறது. அதன் பிறகு முயற்சி செய்வதில் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

முதல் படி, டி.டபிள்யூ.பி. எனும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையிடம் மறுபரிசீலனை கேட்பது. இதற்கு 'மேன்டேட்டரி ரீகன்சிடரேஷன்' என்று பெயர். கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்திற்குள் கோரிக்கை துறையின் கையில் கிடைத்திருக்க வேண்டும். தாமதமானால், 2013-ம் ஆண்டு விதிகளின்படி மேலும் 12 மாதம் வரை அவகாசம் கேட்கலாம். உதாரணமாக, கடிதம் 2024 மார்ச் 4 தேதியிட்டது என்றால் ஏப்ரல் 4 வழக்கமான கெடு. 2025 ஏப்ரல் 4 கடைசி எல்லை. ஆனால் கடைசி நாள்வரை காத்திருக்கக் கூடாது. தாமதம் கூடக்கூட, அதற்கான காரணமும் வலுவாக இருக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன.

எந்த முடிவை எதிர்க்கிறீர்கள், ஏன் தாமதம் என்ற இரண்டும் கோரிக்கையில் இருக்க வேண்டும். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. "மார்ச் 10 முதல் ஏப்ரல் 20 வரை மருத்துவமனையில் இருந்தேன், 22-ம் தேதிதான் கடிதத்தைப் பார்த்தேன்" என்று தேதியோடு எழுதுங்கள். ஊரில் தந்தை வஃபாத்தாகி அவசரமாகப் போயிருந்தால் பயணச் சீட்டின் நகலை இணையுங்கள். மனநோய், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதது, வீடு மாறியதால் கடிதம் கிடைக்காதது ஆகியவற்றையும் தயங்காமல் சொல்லலாம். ஜி.பி. டாக்டரின் கடிதம் வரட்டும் என்று நாட்களைக் கடத்த வேண்டாம்; கோரிக்கையை முதலில் அனுப்பிவிட்டு, ஆதாரம் பின்னால் வரும் என்று குறிப்பிட்டால் போதும். தொலைபேசியிலும் கேட்கலாம். என்றாலும் எழுத்தில் கேட்பதே நல்லது. யுனிவர்சல் கிரெடிட் பெறுவோர் இணையத்தில் உள்ள தங்கள் ஜர்னலில் எழுதினால் பதிவு அங்கேயே இருக்கும்.

தாமதக் காரணத்தைத் துறை ஏற்க மறுத்தால் என்ன செய்வது? இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். 13 மாதத்திற்குள் கேட்டிருந்தால், துறை "தாமதம்" என்று தள்ளினாலும் தீர்ப்பாயத்திற்குப் போகும் உரிமை உண்டு என்று மேல் தீர்ப்பாயம் 2017-ல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு உரிமைக்குத் துறையே காவல்காரனாக இருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். 13 மாதமும் கடந்த பிறகு கேட்டால் இந்த வழி இல்லை. அப்போது, துறையின் சொந்தத் தவறால் முடிவு பிழையானது என்று காட்ட முடிந்தால் மட்டும், காலவரம்பின்றித் திருத்தம் கேட்கலாம்.

இரண்டாவது படியான தீர்ப்பாய மேல்முறையீட்டுக்கும், மறுபரிசீலனை முடிவின் தேதியிலிருந்து ஒரு மாதம்தான் கெடு. தவறினால் மேலும் 12 மாதத்திற்குள் அனுப்பலாம். எஸ்.எஸ்.சி.எஸ்.1 படிவத்திலேயே தாமதக் காரணம் எழுத இடம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதிலேயே குறிப்பிட்டால் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும். மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டியதில்லை.

புதிதாக விண்ணப்பித்துக் கொள்ளலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. புது விண்ணப்பம் வென்றாலும் பொதுவாக அன்றிலிருந்துதான் பணம் வரும். மேல்முறையீட்டில் வென்றால் பழைய முடிவின் தேதியிலிருந்து நிலுவை கிடைக்கும். பல மாதத் தொகை என்பது வாடகை பாக்கி உள்ள குடும்பத்திற்குச் சின்ன விஷயமல்ல.

உள்ளூராட்சி மன்றம் தரும் வீட்டு வாடகை உதவியான ஹவுசிங் பெனிஃபிட்டுக்கு மறுபரிசீலனைப் படி கட்டாயமில்லை. நேராக மேல்முறையீடு செய்யலாம். ஸ்காட்லாந்து அரசு தனியாகத் தரும் உதவிகளுக்குக் கெடுவே வேறு: மறுமுடிவு கேட்க 42 நாள், தக்க காரணம் இருந்தால் ஓராண்டு வரை. கடிதத்தின் தலைப்பில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அருகிலுள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திற்கு அந்தக் கடிதத்தையும் அது வந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே ஆலோசனை இலவசம்.