பெயர் பதியாத வாத்தியார்

அவிநாசிபாளையத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பாடம் நடத்தியே எனக்கு வயதாகிவிட்டது. இந்தப் பக்கத்துக் கல்வி வரலாற்றைத் தேடினால் முதலில் கைக்குக் கிடைப்பது கலெக்டர் எழுதிய கணக்குதான். 1822இல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் நாம் அன்று கோயம்புத்தூர் ஜில்லா. கலெக்டர் ஜான் சல்லிவன் 763 பள்ளிகள் என்று எழுதி அனுப்பினார். எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, என்ன புத்தகம், எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். எழுத்து பிடிபடாத பிள்ளைக்கு வாத்தியார் என்ன செய்கிறார் என்ற கேள்வி அதில் இல்லை.

கேட்டிருந்தால் சொல்வதற்கு வாத்தியார்களிடம் நிறைய இருந்தது. அதற்குச் சாட்சி ஆண்ட்ரூ பெல். 1789 முதல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்தியவர். ஒருநாள் போகிற வழியில், நம்மவர் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். விடுதிக்குத் திரும்பி அதையே செய்யச் சொன்னபோது கீழ்வகுப்பு ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் நடத்திக் காட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற பெயரோடு ஏற்கெனவே இருந்ததுதான். பெல் செய்த பெரிய காரியம், நடந்ததை எழுதி 1797இல் லண்டனில் அச்சிட்டது. அது ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பெல் வழியில் பார்த்த அந்த மணல் வகுப்பை நடத்திய வாத்தியாரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எழுதி வைக்காததால் இழப்பது இன்றும் நடக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் வராத நாட்களில் காரணத்தையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பார். “ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு வந்து எந்திரிக்க முடியலீங்க டீச்சர்” என்று ஒரு தாய் சொன்னதுகூட அதில் இருந்தது. சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கியதும் தென்மாவட்டக் குடும்பங்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறும். திங்கட்கிழமை வகுப்பு காலியாகக் கிடக்கும். இதைக் கவனித்த அந்த ஆசிரியை, புதிய எழுத்துகளைச் செவ்வாய்க்கு மாற்றினார். திங்களன்று பழைய பாடம் மட்டும். பின்தங்கிய பிள்ளைகள் மெல்ல மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர் மாறுதலில் போனதும் நோட்டும் போய்விட்டது. அடுத்து வந்தவர் திங்கட்கிழமையே புது எழுத்தைத் தொடங்கினார்.

ஆய்வு என்றதும் பி.எச்டி. நினைவுக்கு வந்து நம் ஆசிரியர்கள் ஒதுங்குகிறார்கள். அந்த நோட்டு ஆய்வுதான். 1986 தேசியக் கல்விக் கொள்கையையொட்டி மாவட்டந்தோறும் டயட் எனப்படும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் வந்தபோது, ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்துபார்க்கும் செயலாய்வும் அவற்றின் பணியாக வைக்கப்பட்டது. நமக்கு உடுமலை அருகே திருமூர்த்தி நகரில் அந்த நிறுவனம் இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே படித்துப் பழகும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதும், ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய் அந்த முறையைப் பார்த்துவந்த ஆசிரியர்களே அட்டைகளை உருவாக்கினார்கள். மாநிலம் முழுக்கப் பரவியபோது அட்டைகள் அச்சாகி எங்கள் கைக்கு வந்தன. எந்த அட்டையில் எங்கள் பிள்ளை திணறினான் என்று எழுத ஒரு வெள்ளைத்தாளும் கூடவே வந்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசித்து முடித்த பிறகு அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் செய்துபார்த்ததை வாசிக்கட்டும், பலிக்காததையும் சேர்த்து. அதன் நகல் பெயரோடும் தேதியோடும் பள்ளியிலேயே இருக்கட்டும். மாறுதலில் வருகிறவர் முதல்நாளே எடுத்துப் பார்ப்பார்.