மருத்துவமனையிலிருந்து முற்றம் வரை: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரின் முதுமையும் தற்சார்பு மீட்பும்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1970களின் இறுதியில் வேர்பிடித்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு மருத்துவர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் தொடங்கப்பெற்றதும் 1978இல்தான். அன்று இவ்விரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இருபது வயதில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்த தலைமுறை அறுபதைக் கடந்துவிட்ட இன்று, அவற்றை ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டியுள்ளது.

நோய் தீர்ந்தபின் முதியவரைப் பழைய வாழ்வுக்குத் திருப்புவதும் மருத்துவத்தின் கடமையே என்ற கருத்து மிகப் பழையதன்று. 1935இல் இலண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதி இணைக்கப்பட்டபோது, படுக்கையிலேயே விடப்பட்டிருந்த முதியோரை மார்ஜரி வாரன் எழுந்து நடக்கச் செய்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார். 1963இல் சிட்னி கட்ஸ் குழுவினர் இம்மீட்சியை அளக்கும் பட்டியலை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து இடம்மாறல், கழிவடக்கம், உண்ணல் என அதில் ஆறு செயல்கள் உள.

இப்பட்டியலைத் திருப்பூரின் காம்பவுண்டு வீடொன்றில் வைத்துப் பார்த்தால் அதன் எல்லை புலப்படும். கழிப்பறை பொதுவானது, முற்றத்தின் கடைசியில் இருப்பது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட ஒருவர் மருத்துவமனை வராந்தாவில் நடந்துகாட்டியிருக்கலாம். வாசற்படி இறங்கி, தண்ணீர்க் குடங்களுக்கிடையே முற்றத்தைக் கடப்பது வேறு திறன். கைகொடுக்க வேண்டிய மகனும் மருமகளும் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவில்தான் திரும்புவர். வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார் என்பது மருத்துவமனை சொல்லாமலே கொள்ளும் அனுமானம். பகலில் ஆளற்ற இவ்வீடுகளில் அது பொருந்தாது.

பட்டியலில் உழைப்பும் இல்லை. பக்கவாதத்திலிருந்து தேறிய மூதாட்டி, வீட்டுக்கு வரும் துணிகளில் மீண்டும் பிசிறு வெட்ட அமர்வது விரல்கள் மீண்டதைக் காட்டும். வருமானம் வேறில்லை என்பதையும் காட்டும். ஆய்வாளர் முன்னதை மட்டும் பதிவது போதாது.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசேர்த்தது. நடைப்பயிற்சியை அந்த முற்றத்திலேயே அளிக்க வழிசெய்ததால், தற்சார்பு மீட்பின் வரலாற்றில் இதைத் திருப்புமுனை எனலாம். எனினும் பயிற்சியாளர் சென்றபின் எஞ்சும் பகற்பொழுதுக்கு அதில் விடையில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் வேறொரு வழி உண்டு. ஐந்தாண்டுகளேனும் காப்பீட்டுக்குரிய பணியிலிருந்து ஓய்வுபெற்றோர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ உதவி பெறலாம். மிகச் சிறிய தொகைதான். ஆனால் காண்ட்ராக்டர்வழிப் பீஸ்ரேட்டுக்குத் தைத்து, ஆர்டர் உள்ள கம்பெனிக்கு மாறிக்கொண்டே இருந்த டெய்லரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஐந்தாண்டு நிலைத்திராவிடில், அந்த 120 ரூபாயைக் கட்டும் உரிமையும் அவருக்கில்லை.