பாடி, வாடி, கேம்ப்

1

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் இருக்கிறது கணியம்பாடி. அமிர்திக் காட்டுக்கும் ஜவ்வாதுமலைக்கும் இந்தப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு இது ஒரு வாசல். சனி, ஞாயிறானால் நகரத்து வண்டிகள் மலைக்குப் போகின்றன. மேலே ஓடையோரமோ ஏரிக்கரையோ பார்த்துக் கூடாரம் அடிச்சு, நெருப்பு மூட்டி, ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். கிழக்குக் கடற்கரையிலும் இதே கதைதான். ‘டென்ட் ஸ்டே’ இன்றைக்கு ஒரு சரக்கு.

இதில் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனால் தண்ணீர்க்கரையில் ஓர் இரவு தங்குவது எல்லா உடல்களுக்கும் ஒரே அனுபவமாக இருந்ததில்லை. தங்கப் போகிறவர்கள் உண்டு, தங்கவைக்கப்படுகிறவர்கள் உண்டு, தங்கவிடப்படாதவர்களும் உண்டு. தமிழ்க் கரையில் இந்த மூன்று வரலாறுகளும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கின்றன. முதலாவதை மட்டும் ‘கேம்பிங்’ என்று அழைத்து மற்ற இரண்டையும் பேச்சிலிருந்து கழற்றிவிடுவது எப்படி நடக்கிறது என்பதே இங்கே கேள்வி.

2

சொற்களிலிருந்து தொடங்கலாம். கணியம்பாடியின் வாலில் ஒரு ‘பாடி’ இருக்கு. பாடி என்றால் தங்குமிடம், சேரி, ஆயர் குடியிருப்பு. பாடிவீடு என்றால் படை இறங்கிய இடம். இதே மலையடிவாரத்தில், சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படவேட்டின் பழைய பெயர் படைவீடு. பாளையம், தண்டு, பாசறை எல்லாமே படை தங்கிய இடங்கள்தான். ‘முகாம்’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. ஜமாபந்திக்குக் கலெக்டர் முகாம் போட்டார், காட்டிலாகா அதிகாரி முகாம் போட்டார். அதிகாரம் நடமாடும்போது கூடாரமும் கூடவே நடந்தது.

இன்னொரு வரிசைச் சொற்களும் உண்டு. மீன் பருவத்துக்குக் கரை மாறிப் போகிறவர்கள் மணலில் போடுவது வாடி. ஆட்டுக்காரர்கள் அடுத்தவர் நிலத்தில் போடுவது கிடை. இடம்பெயர்ந்து போவது வலசை, ராமநாதபுரம் கரையில் பிரப்பன்வலசை மாதிரி ஊர்ப்பெயர்களே அப்படி இருக்கின்றன. நாலைந்து நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிப்பது தங்குகடல். படைக்காரர்களின் சொற்கள் ஆவணத்தில் ஏறின, பாடுபடுகிறவர்களின் சொற்கள் வாய்ப்பேச்சில் நின்றன. ‘கேம்ப்’ என்ற இங்கிலீஷ் சொல் வந்து இரண்டையும் மூடிக்கொண்டது.

3

பொழுதுபோக்காகக் கூடாரம் அடிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1907இல் பேடன் பவல், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சில பையன்களைக் கூட்டிப் போய்த் தண்ணீரோரம் முகாம் போட்டார். சாரணர் இயக்கத்தின் தொடக்கம் அது. அவர் புகழ் பெற்றது தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தத்தில். அதே யுத்தத்தில்தான் பிரிட்டிஷ் ராணுவம் போயர் பெண்களையும் குழந்தைகளையும், கறுப்பின மக்களையும் முள்வேலி முகாம்களில் அடைத்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிடிபட்ட போயர் வீரர்கள் 1900இல் கப்பலேற்றப்பட்டு இலங்கைக்கு வந்து தியத்தலாவையில் அடைக்கப்பட்டார்கள்.

ஒரே யுத்தம், ஒரே ராணுவ அறிவு. அது ஒரு பக்கம் நடுத்தர வர்க்கப் பையன்களுக்கு ஒழுக்கம் கற்றுத்தரும் விடுமுறையாக மாறியது. மறுபக்கம் வேண்டாத ஜனங்களை அடைத்து வைக்கும் தொழில்நுட்பமாக மாறியது. கூடாரமும் வரிசையும் காலைக் கணக்கெடுப்பும் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் கேட்டில் இருக்கிறது. ஒன்றில் கேட்டைத் திறந்து நீயே போகலாம், மற்றதில் இன்னொருத்தன் திறக்கணும்.

4

கணியம்பாடிக்குக் கடல் தூரம். ஆனால் வடஆர்க்காட்டு ஜனத்துக்குக் கடல் புதுசல்ல. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து போனதுபோலவே இங்கிருந்தும் மலாயாவுக்கும் கண்டிச் சீமைக்கும் ஆட்கள் போனார்கள். கங்காணியும் ஆள்கட்டியும் ஊருக்குள்ளேயே வந்தார்கள். போனவர்களில் தலித்துகள் ஏராளம்.

இலங்கைக்குப் போகிறவர்களின் வழி மண்டபத்தில் குறுகியது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் மணல்நாக்கு. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே வருஷம் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. அதன்பின் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு தனிமைப்படுத்தும் முகாமை நடத்தியது. இந்திய மண்ணில் இன்னொரு காலனியின் கேட். ரயில்வே ஸ்டேஷனின் பெயரே ‘மண்டபம் கேம்ப்’ ஆயிற்று.

தொழிலாளி கழுத்தில் தகர டிக்கட் தொங்கும். அதில் தோட்டத்தின் எண் இருக்கும். பெயர் கேட்க வேண்டியதில்லை, தகரத்தைப் பார்த்தால் எந்தத் துரையின் கணக்கில் பயணச் செலவு ஏறும் என்று தெரிந்துவிடும். முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். அம்மை குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள், துணியைக் கிருமி நீக்குவார்கள். காலராவும் பிளேக்கும் பயந்துகொள்ள வேண்டிய நோய்கள்தான். ஆனால் இந்த நிறுத்திவைப்பு மூன்றாம் வகுப்பு டிக்கட்டின் மேல்தான் விழுந்தது. மேல்வகுப்பில் போகிறவன் உடம்பில் கிருமி தங்காது போலும்.

தொழுநோயாளியை ஊருக்கு வெளியே துரத்துவது ஒரு வகை அதிகாரம் என்றும், கொள்ளைநோய் வந்த ஊரை வீடுவீடாகப் பிரித்து ஆளாளாக எண்ணுவது இன்னொரு வகை என்றும் ஃபூக்கோ பிரித்துக் காட்டினார். மண்டபத்தில் இரண்டும் ஒன்றாயின. ஊரிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்கள் அங்கே எண்ணப்பட்டார்கள், எண்ணிய பிறகு உழைப்பாக ஏற்றுமதி ஆனார்கள். ஆனாலும் இதை வெறும் துயரக் கதையாகச் சொல்லி முடிப்பது நேர்மை ஆகாது. பண்ணையாரிடமிருந்து தப்பி ஓடுகிறவனுக்கு அந்த கேட் வெளியேறும் வழியாகவும் தெரிந்திருக்கும். ஊரின் வன்முறைக்கும் முகாமின் வன்முறைக்கும் நடுவில் அவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

5

அந்த கேட் பிறகு எதிர்ப்பக்கம் திறந்தது. 1939இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. ஆடு மாடு பிரிக்கிறதுக்குக்கூட ஊரில் ஒரு வார்த்தை கேட்பார்கள். கப்பலில் வந்தவர்களுக்கு மண்டபம் மறுபடியும் இடைத்தங்கல் முகாம் ஆனது. தாத்தா அம்மைகுத்திப் போன கரையில் பேரன் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற காகிதத்தோடு இறங்கினான்.

1983 ஜூலைக்குப் பிறகு படகுகளில் அகதிகள். 1990, 1996, 2006 என்று போர் உக்கிரமாகும்போதெல்லாம் புதிய அலை. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது வந்தவர்களையும் மண்டபத்தில்தான் வைத்தார்கள். 1991க்குப் பிறகு முகாம்கள்மேல் கண்காணிப்பு இறுகியது. ஆஜர் எடுப்பதும், வெளியூர் போக அனுமதி வாங்குவதும், குறித்த நேரத்துக்குள் திரும்புவதும் வாழ்க்கைமுறை ஆயின.

கணியம்பாடிக்காரர்கள் பஸ் ஏறி இறங்கும் வேலூரிலும் இது நடந்தது. அகழித் தண்ணீர் சூழ்ந்த வேலூர்க் கோட்டைக்குள் ‘சிறப்பு முகாம்’ ஒன்று இருந்தது. 1995 ஆகஸ்டில் அங்கிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். நகரத்தை ஒட்டிய மேல்மொணவூரில் அகதி முகாம் இருக்கிறது. 2021 நவம்பர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அங்கே வந்து, மாநிலமெங்கும் முகாம்களில் 3,510 வீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன் ஆகஸ்டில்தான் அகதிகள் முகாம் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது.

வீடு வேண்டியதுதான், பெயரும் பரவாயில்லை. ஆனால் 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. தண்டிக்காமல் இருப்பது வேற, பிரஜை ஆக்குவது வேற. இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளை, நாற்பது வருஷமாக ஒருத்தர் ‘தற்காலிகமாக’ தங்கும் இடத்தைத் தன் சொந்த ஊர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

6

மூன்றாவது வரலாறு, தங்கவிடப்படாதவர்களுடையது. மண்டபத்துக்குத் தெற்கே, தூத்துக்குடி வரை பரவிய 21 தீவுகளைச் சுற்றி 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். தேவை இருந்தது: சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியதில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. ஆனால் தடை முதலில் போய் விழுந்தது பாசி எடுக்கும் பெண்கள்மேல். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்கிப் பாசி அரிக்கிறவர்கள் அவர்கள். பூங்கா என்றதும் அவர்களுடைய தொழிலிடம் அத்துமீறல் ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் அதே கரையில் சுற்றுலாப் படகுக்கு டிக்கட் கொடுக்கிறார்கள்.

மலையிலும் கணக்கு இதுதான். 1882இன் மெட்ராஸ் வனச் சட்டம் தொடங்கி, ‘காப்புக்காடு’ என்ற சொல் மலையாளிப் பழங்குடியைச் சொந்தக் காட்டில் அனுமதி கேட்க வைத்தது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். ஜவ்வாதுமலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அதில் உண்டு. ராத்திரியில் காட்டில் இருப்பது ஒருத்தனுக்கு விடுமுறை, இன்னொருத்தனுக்கு உயிர்.

கூடாரத்தைக் கொளுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. கரையில் பூங்காவோ முகாம் மைதானமோ திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று விஷயங்களைக் கேட்டாக வேண்டும். இங்கே முன்னால் வாடி போட்டவர்கள் யார், அவர்கள் இப்போ எங்கே? அனுமதிச் சீட்டு யார் கையில்? பக்கத்து வேலிக்குள் இருக்கிறவர்கள் எப்போது தங்கள் விருப்பப்படி வெளியே போகலாம்? முதல் இரண்டுக்கும் வன உரிமைச் சட்டம், மீனவர் கடல்உரிமை என்று ஏதோ கொஞ்சம் பேச்சாவது நடக்கிறது. மூன்றாவதைப் பேசுவதற்குக் குடியுரிமை என்ற ஒற்றைக் கோரிக்கைதான் இருக்கிறது. அதை முகாமுக்கு வெளியே இருக்கிற நாமும் சேர்ந்து கேட்காதவரை மண்டபத்தின் கேட் இன்னொருத்தர் கையில்தான் இருக்கும்.