தீவனப் பையும் ஒட்டுத்துணிப் போர்வையும்

பல நிறத் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பரப்பிய பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஓட்டுத் தையலால் ஒன்றாக்கிய 'குயில்ட்' என்னும் அமெரிக்கப் போர்வை வறுமையில் பிறந்தது என்று சொல்லப்படுவது பாதி உண்மையே. கிழிசலுக்கு ஒட்டுப்போட வறுமை போதும். ஆனால் படுக்கை முழுவதையும் மூடும் அளவுக்கு வகைவகையான துண்டுகள் சேரவேண்டுமானால், வீட்டில் துணி தாராளமாகப் புழங்கியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையிலுள்ள, ஏறத்தாழ 1708ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பழைய ஒட்டுத்துணிப் போர்வை, பூவேலை அச்சிட்ட இந்தியச் சீட்டித் துணியால் ஆனது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய அத்தகைய துணிகள் அங்கே விலை மிகுந்தவையாதலால், அவற்றின் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது செல்வர் வீட்டு வேலையாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஆலைகள் அச்சுத் துணியை மலிவாக்கிய பிறகுதான் ஒட்டுத்துணிப் போர்வை அமெரிக்கக் குடியானவர் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது.

ஆயினும் அதன் மிகச் சுவையான அத்தியாயம் துணிக்கடையில் அல்ல, தீவனக் கடையில் தொடங்குகிறது. மாவும் சர்க்கரையும் மரப் பீப்பாய்களில் அனுப்பப்பட்ட நிலை, தையல் எந்திரம் பரவி உறுதியான தையல் எளிதானதும் மாறி, பருத்திப் பைகள் புழக்கத்துக்கு வந்தன. தொடக்கத்தில் வெள்ளையாக இருந்த அப்பைகளில் பதிந்த நிறுவன முத்திரையை ஊறவைத்தும் தேய்த்தும் போக்கி, உள்ளாடை முதல் தலையணை உறை வரை பெண்கள் தைத்துக்கொண்டதை வணிகர் கவனித்தனர். 1920களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரின் ஜார்ஜ் பி. பிளான்ட் மாவாலை, கட்டம் போட்ட உடுப்புத் துணியிலேயே பை தைத்து 'கிங்கம் கேர்ள்' என்ற பெயரில் மாவு விற்றது. பிற ஆலைகளும் கோழித்தீவன நிறுவனங்களும் பின்தொடர, பூவும் கோடும் புள்ளியுமாகப் பைகள் வந்து குவிந்தன. நிறுவனப் பெயர் நீரில் நனைத்ததும் உரிந்துவிடும் காகிதத்துக்கு மாறியது.

100 பவுண்டுத் தீவனப் பையைச் சங்கிலித் தையலின் சரியான முனையைப் பிடித்து இழுத்துப் பிரித்தால், நூல் அறாமல் கழன்று, ஒரு கெஜத்துக்குச் சற்று மேற்பட்ட துணி கிடைக்கும்; அந்த நூலையும் எறியாமல் சுற்றிவைத்துப் பின்னலுக்குப் பயன்படுத்தினர். ஓர் உடுப்புக்கு ஒரே அச்சில் மூன்று, நான்கு பைகள் வேண்டியிருந்ததால், எந்தத் தீவனம் வாங்குவது என்பதைக் கோழியைவிட வீட்டுப் பெண்ணே முடிவு செய்தாள் எனலாம். வெட்டி மீந்தவை போர்வைக்குச் சென்றன. மஞ்சள் நிற அறுகோணம் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, பிறகு பன்னிரண்டு என விரியும் 'பாட்டியின் பூந்தோட்டம்', சிறு துண்டுகளை வளைவாகக் கோக்கும் 'இரட்டைத் திருமண மோதிரம்' ஆகிய வடிவங்கள் 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் செழித்தமைக்கு, விரல் அகலத் துண்டுக்கும் அவற்றில் இடமிருந்ததே பெருங்காரணம். 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை இத்தகைய வடிவங்களை அச்சிட்டு வந்தது. சிக்கனம் என்று இன்று போற்றப்படும் இவ்வழக்கத்தை வளர்த்ததில் விற்பனைத் தந்திரத்துக்கும் பத்திரிகைக்கும் இருந்த பங்கு சிறியதன்று. 1942 அளவில் ஏறத்தாழ 30 லட்சம் பெண்களும் குழந்தைகளும் அச்சிட்ட பைத்துணியில் தைத்த உடைகளை அணிந்தனர் என்பது அக்கால மதிப்பீடு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான காகிதப் பைகளும் பிறகு பிளாஸ்டிக்கும் துணிப் பையை வெளியேற்றின. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டியதும், அவற்றின்மீது புது மதிப்புப் பிறந்தது. இன்று 1930களின் அச்சுகளை ஆலைகள் மறுபடியும் அச்சிட்டு, ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டியே விற்கின்றன. மிச்சமே இல்லாத மிச்சத் துணி அது. ஆகவே பூவின் தோற்றத்தை மட்டும் வைத்து ஒரு போர்வையின் வயதைச் சொல்ல முடியாது. பையின் பழைய தையல் விட்டுச்சென்ற ஊசித்துளைகளின் வரிசை ஏதேனும் ஒரு துண்டின் ஓரத்தில் தென்படுமானால், அதுவே அச்சைவிட நம்பத்தக்க சான்றாகும்.